ஜக்கு எப்படி டம்ளர் ஆனது?

"குடுத்து வச்சவ நீ. புத்தகத்தை அடுக்கி வைக்கிறதுக்கே சம்பளம்" என்று கல்யாணமான புதிதில் அவளைக் கணவர் கிண்டல் செய்தார்.

"அடுக்குறது மட்டும் இல்லீங்க, தேடுறதும் என் வேலைதான்."

"எதைத் தேடுவே?"

"ஒரு விஷயத்தை முதல்ல யார் சொன்னாங்க, எப்படிச் சொன்னாங்கன்னு."

அவர் சிரித்துவிட்டார். அன்றே அவரிடம் ஒன்று கேட்க நினைத்தாள், வாய் வரவில்லை. பதினோரு வருடம் ஓடிவிட்டது. அன்று அதே சுகாதார அலுவலகத்தில் மருத்துவராக இருந்தவர், இன்று அங்கே தலைமை மருத்துவர். அவள் அன்றும் இன்றும் அந்தக் கட்டடத்தின் கீழ்த்தள நூலகத்தில் தகவல் அலுவலர். எல்லோருக்கும் 'லைப்ரரி அக்கா'.

ஊரில் வயிற்றுப்போக்கு பரவிக்கொண்டிருந்தது. அன்று காலை நர்ஸ் ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வந்தாள்.

"அக்கா, இதுல போட்டபடி உப்பு சர்க்கரைத் தண்ணி குடுத்தா பிள்ளைங்க துப்புதுங்க. அம்மாங்க எனக்கு அர்ச்சனை பண்றாங்க. மேல கூட்டத்துல இதையே இன்னும் பத்தாயிரம் அடிக்கப் போறாங்களாம்."

ஏன் துப்ப வேண்டும்? அவள் மனதைக் குடைந்தது. ஒரு டம்ளர் தண்ணீர், அரை ஸ்பூன் உப்பு, ஆறு ஸ்பூன் சர்க்கரை. பிரசுரத்தில் இருந்தபடியே கலந்து ஒரு வாய் குடித்தாள். விழுங்க முடியவில்லை.

அலமாரியிலிருந்து பழைய பிரசுரங்களை எடுத்து மேசையில் பரப்பினாள். முதலாவதில் பெரிய ஜக்கு. பக்கத்தில் 'ஒரு லிட்டர்' என்ற எழுத்து. அடுத்ததில் இடம் போதாமல் எழுத்தை எடுத்திருந்தார்கள். அதற்கடுத்ததில் ஜக்கு சிறுத்து, கைப்பிடியும் போயிருந்தது. கடைசியாக எழுதியவர் படத்தைப் பார்த்து 'ஒரு டம்ளர்' என்றே போட்டுவிட்டார். ஆளாளுக்கு முந்தையதைப் பார்த்து எழுதினார்களே தவிர, முதலில் என்ன இருந்தது என்று யாரும் தேடவில்லை.

தாள்களோடும் டம்ளரோடும் மாடியேறினாள். நர்ஸும் பின்னாலேயே வந்தாள்.

"கூட்டத்துல இருக்கேன்மா" என்றார் கணவர், பேனாவைத் திறந்தபடி.

"ஒரு வாய் குடிச்சுட்டுப் பேசுங்க."

குடித்தார். முகம் கோணியது. "என்ன கண்றாவி இது?"

"நீங்க கையெழுத்துப் போடப் போற பிரசுரம்."

தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டியவர் பேனாவை மூடினார்.

"இவ்வளவு உப்பு கைக்குழந்தைக்குப் போனா உயிருக்கே ஆபத்து" என்றார் மெல்ல. "மருந்து சரியா இருந்தா மட்டும் போதாது. அதைச் சொல்ற தகவலும் சரியா இருக்கணும். தப்பான தகவலும் நோய் மாதிரிதான் பரவுது."

"குடுத்த வீட்டுக்கெல்லாம் இப்பவே போய் மாத்திச் சொல்லிடுறோம் டாக்டர்" என்று நர்ஸ் கிளம்பினாள்.

அவர் மனைவியைப் பார்த்தார். "இத்தனை நாள் நீ ஏன் சொல்லலை?"

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி யாரும் என்கிட்ட காட்டினதே இல்லீங்க."

மேசையைச் சுற்றி ஏழு நாற்காலிகள், ஏழிலும் ஆட்கள். அவள் நின்றுகொண்டே, பதினோரு வருடமாகத் தொண்டையில் வைத்திருந்ததைச் சொன்னாள்.

"அடுத்த கூட்டத்துலேருந்து எனக்கும் இங்க ஒரு நாற்காலி போடுங்க."