சீவாத சக்கரம்

லேத் பட்டறையில் பகலெல்லாம் நின்றே வேலை பார்க்கிறவனுக்கு, வீட்டுக்கு வந்தும் முட்டிபோட்டுப் பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் ஒட்டுகிற தலையெழுத்து எதற்கு? எல்லாம் அக்காவுக்காக. மாமா போனதிலிருந்து அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. மகள் வீட்டோடு போய்த் தங்கிவிடப் போகிற நேரத்தில் வாய் திறந்து கேட்டது ஒன்றுதான். "அவரோட ரயில ஒரு தடவ ஓடவிட்டுக் காட்டுடா, பாத்துட்டுப் போயிடறேன்."

மாமாவின் பழைய தண்டவாளம் துருப்பிடித்து உதவாமல் போயிருந்தது. கடைக்காரர் இரண்டு வகையை எடுத்து வைத்தார். ஒன்று உயரமான கம்பி. இன்னொன்று குட்டைக் கம்பி. அசல் போலவே லட்சணமாக இருந்தது, சத்தமும் வராதாம். சத்தம் என்றதும் அவன் யோசிக்கவே இல்லை. மாமா ரயில் விடும்போதெல்லாம் சமையலறையிலிருந்து அக்கா போட்ட கூச்சல் இன்னும் அவன் காதில் இருந்தது: "அந்தச் சனியன நிறுத்துங்க, மண்டை வெடிக்குது!" பாவம், போகிற நேரத்திலாவது நிம்மதியாகப் பார்க்கட்டும் என்று குட்டைக் கம்பியையே வாங்கினான்.

வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்துதான் வாங்கினான். கம்பிக்குக் கம்பி இடைவெளி, சக்கரத்துக்குச் சக்கரம் இடைவெளி, மயிரிழை பிசகில்லை. பலகையில் கார்க் ஒட்டி, மேலே தண்டவாளம் ஒட்டி, பொடி ஜல்லி தூவிப் பசை ஊற்றி, முதுகு ஒடிய முடித்து எஞ்சினை வைத்தான். அது கடகடவென்று குலுங்கிப் போய் வளைவில் ஏறிக் குப்புற விழுந்தது.

குனிந்து பார்த்தபோதுதான் விளங்கியது. சக்கரம் கம்பியை விட்டு நழுவாமல் இருக்க உள்பக்கம் ஒரு விளிம்பு இருக்கும். மாமா காலத்துச் சக்கரங்களில் அது ஆழமான விளிம்பு. பழைய கம்பியின் மூட்டுகளில் அது இடித்துத்தான் அந்தக் காலத்தில் அவ்வளவு சத்தம். குட்டைக் கம்பிக்கு அது அதிகம். கம்பியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கொக்கி ஒவ்வொன்றிலும் போய் இடித்தது. அகலத்தை அளந்த மகாபுத்திசாலி ஆழத்தை அளக்கவில்லை. காலமெல்லாம் லேத்தில் நின்றவன் செய்கிற வேலையா இது!

"பேத்துட்டு அந்த உசரக் கம்பியவே போடுங்களேன்," என்றாள் மனைவி.

"இன்னொரு தடவ குனிஞ்சா என்னைத்தான் பேத்து எடுக்கணும். சக்கரத்தச் சீவிடறேன்."

வேலை முடிந்த பிறகு பட்டறையிலேயே தங்கி, சக்கரங்களை ஒவ்வொன்றாக லேத்தில் மாட்டி விளிம்பைச் சீவினான். "என்னப்பா, ரயில்வேல வேலை கெடச்சிடுச்சா?" என்றார் மேஸ்திரி. சிரிக்கக்கூடத் தெம்பில்லை. ரயிலின் கடைசியில் மாட்டும் கார்டு பெட்டி மட்டும் மிஞ்சியது. அதன் அச்சு கழலவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. எக்கேடும் கெட்டுப்போ என்று வீட்டு அலமாரியில் வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். நாற்காலியில் உட்காரவைத்து ரயிலை ஓடவிட்டான். எஞ்சினும் பெட்டிகளும் வழுக்கிக்கொண்டு போயின. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"நல்லாருக்குடா," என்றாள். "யாரோடதோ மாதிரி இருக்கு." பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் அலமாரியைப் பார்த்தாள். "அத ஏன் கழட்டி வச்சிருக்க?"

"அது வேணாங்க்கா. கடகடன்னு உயிர வாங்கும்."

"மாட்டுடா."

மாட்டி, மெதுவாக விட்டான். கார்டு பெட்டி கொக்கிக்குக் கொக்கி இடித்துக் கடகடவென்று பலகையைச் சுற்றி வந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"இந்தச் சத்தம் கேட்டாத்தான்டா அவர் வீட்ல இருக்காருன்னு அர்த்தம். நான் திட்டுவேன், அவர் இன்னும் வேகமா விடுவார். அவ்ளோதான் எங்க பேச்சு." கண்ணைத் துடைத்தாள். "முன்னெல்லாம் மொத்த ரயிலும் கத்துமே?"

"சீவிட்டேன்க்கா." சீவிய தூள் பட்டறைக் குப்பையோடு என்றைக்கோ போய்விட்டது. அதைத் திரும்ப ஒட்ட எந்த லேத்தாலும் முடியாது.

அக்கா திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. எழுந்து வந்து நடுவிலிருந்த பெட்டிகளை அவளே கழற்றிவிட்டு, எஞ்சினுக்குப் பின்னால் கார்டு பெட்டியை மட்டும் மாட்டினாள்.

"இப்ப விடு."

"விழுந்துடும்க்கா."

"விழுந்தா எடுத்து வச்சுக்கலாம்."

விட்டான். அக்கா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். பெட்டி இரண்டு சுற்று வந்ததும் பழைய குரலில் கத்தினாள்.

"அந்தச் சனியன நிறுத்துங்க, மண்டை வெடிக்குது!"

அவன் வேகத்தைக் கூட்டினான்.