மாத்தி வெச்சேன்

தச்சர் தன் வீட்டுக் குளியலறைச் சுவரில் ஆறு துளைகள் போட வேண்டும். இரண்டு போட்டதும் டிரில்லர் முனகி நின்றுவிட்டது. பேட்டரியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினார். அசையவில்லை. தெருவில் கரண்ட் ஆறு மணிக்குத்தான் வரும். இடுப்பு எலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்த மாமியாரோ நான்கு மணிக்கு வந்துவிடுவார். பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாமல் அந்த வழுக்குத் தரையில் அவரை எப்படி நிற்க வைப்பது?

"கம்பியை நம்பித்தானே அம்மாவை அனுப்புறாங்க," என்றாள் மனைவி. அவள் குரல் உடைந்திருந்தது.

தச்சர் கருவிப் பையோடு தங்கையின் கடைக்கு ஓடினார். பழைய பேட்டரிகளுக்குப் புது செல் போட்டுத் தருவதுதான் அவள் தொழில். அவள் மூடியைத் திறந்து மீட்டரை வைத்துப் பார்த்தாள்.

"பத்து செல்லுல நாலு போயிடுச்சு. புதுசையும் பழசையும் கலந்து போட்டா சூடேறும். பத்தும் மாத்தணும். ரெண்டு மணி நேரம் ஆகும்."

"அவ்வளவு நேரம் இல்லம்மா. மூணு ஆயிடுச்சு."

"அப்போ பையில இருக்கிற இன்னொரு பேட்டரியைப் போடேன்."

"அது செத்துப்போச்சு. நானே எழுதி ஒட்டியிருக்கேன்."

தங்கை மீட்டரைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, போன மாசம் வீட்டுக்கு வந்தப்போ மாத்தி வெச்சிருக்கேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே. பையைத்தான் மாத்தி அடுக்கிட்டேன்னு நினைச்சேன். ஒரு வாரம் உளியைத் தேடி உன்னைத் திட்டினேன்."

"உளியை நான் தொடவே இல்லை. செல்லை மாத்தினேன்."

பையின் அடியிலிருந்து அந்தப் பேட்டரியை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள். 'செத்தது' என்று எழுதிய தாளுக்குக் கீழே நான்கு பச்சை விளக்குகளும் எரிந்தன.

தச்சர் அந்தத் தாளை விரலால் தடவினார். ஒரு மாதமாக, செத்த சுமை என்று சலித்துக்கொண்டே அவர் தூக்கித் திரிந்தது அவள் அன்பைத்தான். நாம் கேட்காமலே சிலர் நமக்கு நல்லது செய்து வைத்துவிடுகிறார்கள், கண்டுகொள்ளத்தான் நேரமாகிறது.

"ஏன்மா, அந்தத் தாளையாவது கிழிச்சிருக்கலாமே."

"உன் கையெழுத்தாச்சே, கிழிக்க மனசு வரல. ஓடு, அத்தை வந்துடுவாங்க."

வீட்டில் மீதி நான்கு துளைகளும் பத்து நிமிடத்தில் முடிந்தன. திருகுகளை முறுக்கிவிட்டு, தச்சர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். வாசலில் வண்டி நின்ற சத்தம் கேட்டது.

மாமியார் மெல்ல நடந்து வந்து கம்பியைத் தொட்டார்.

"தாங்குமா மாப்பிள்ளை?"

"நான் தொங்கிப் பார்த்துட்டேன் அத்தை."

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்படின்னா என்னை மாதிரி நாலு பேரைத் தாங்கும்."

வெகுநாளைக்குப் பிறகு மனைவி சிரித்தாள். தச்சர் கடவுளுக்கு மனத்துக்குள் நன்றி சொன்னார். பிறகு போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டார்.