அத்தான் உட்கார்ந்திருந்த டிரம்

கணுக்கால் பட்டை மூன்றாவது முறையாக முறிந்தது. தம்பி அதைத் தன் பலவீனமான காலில் மாட்டிக்கொண்டு இரண்டடிதான் வைத்தான். சாக்பீஸ் மாதிரி டக்கென்று இரண்டானது. தபால்காரர் வேலைக்கான நடைத்தேர்வு வெள்ளிக்கிழமை. அன்று புதன்.

"போன வருஷம் நீ செஞ்சது கல்லு மாதிரி இருந்துச்சேக்கா."

"அதே 3டி அச்சு மெஷின், அதே வரைபடம், அதே நைலான் தூள்," என்று சின்னக்கா நகத்தைக் கடித்தாள்.

இரண்டு மாதமாகப் பட்டறையைக் கவனித்துக்கொள்பவர் அத்தான், பெரியக்காவின் கணவர். ஒரு டிரம்மின் மேல் சம்மணமிட்டிருந்தவர், "லேசரைக் கூட்டும்மா. அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்," என்றார்.

கூட்டினாள். ஓரம் பழுப்பேறி, கருகல் நாற்றத்தோடு வந்த பட்டை அதே இடத்தில் முறிந்தது.

பூதக்கண்ணாடியை எடுத்து முறிந்த முகத்தைப் பார்த்தாள். கடுகு கடுகாக மணிகள் தெரிந்தன.

அங்கேதான் கோளாறு. மெஷின் நைலான் தூளை உருகுவதற்குச் சற்று முன்வரை சூடாக்கி வைக்கும்; வரைபடத்தில் உள்ள இடத்துக்கு மட்டும் மிச்சச் சூட்டை லேசர் கொடுக்கும். உருகிய மணிகள் தொடும் இடத்தில் கழுத்து போல மெல்லிய ஒட்டு விழும். அது பருத்துப் பருத்து, நீர்த்துளிகள் போல இரண்டும் ஒன்றாகிவிடும். இவையோ சண்டைபோட்ட சம்பந்திகள் மாதிரி கையை மட்டும் குலுக்கிவிட்டு விறைப்பாக நின்றன.

"அத்தான், மீந்த தூளை என்ன பண்றீங்க?"

"சலிச்சுத் திரும்பப் போடுவேன். இந்த ரெண்டு மாசத்துல ஒரு சிட்டிகை வீணாகலையே!" என்று மீசையைத் தடவினார்.

"புதுசு கலக்கலையா?"

"லேசர் படாத தூள் புதுசுதானேம்மா?"

லேசர் படவில்லைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் மணிக்கணக்கில் சூட்டில் கிடந்தது. அப்படிக் கிடந்தால் நைலானின் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று கோத்து நீண்டுவிடும். பிறகு உருகினாலும் பாகு கெட்டி. மணிகள் ஓடிக் கலப்பதற்குள் ஆறிவிடும். இவ்வளவு நாளும் அலமாரிப் பொம்மைகளே அச்சானதால் யாரும் ஏறி மிதித்துப் பார்க்கவில்லை.

"அப்போ புதுத்தூள் டிரம் எங்கே?"

மூன்று பேரும் பட்டறையைப் புரட்டினார்கள். அலுத்துப்போன அத்தான் மறுபடி உட்காரப் போனார்.

"அத்தான், உட்காராதீங்க!" என்று தம்பி கத்தினான்.

டிரம்மின் மூடியில் ஒட்டிய முத்திரை கிழியாமல் இருந்தது.

"உட்கார வாகா இருந்துச்சு மச்சான்," என்றார் அத்தான்.

வியாழன் மாலை, நன்றாக ஆறிய பட்டையை மாட்டிக்கொண்டு தம்பி அந்த டிரம்மிலிருந்தே குதித்தான். பட்டை வளைந்தது, நிமிர்ந்தது, முறியவில்லை. அவள் சுவரில் எழுதி ஒட்டினாள்: "லேசர் பழைய அளவிலேயே. தூள், ஒவ்வொரு முறையும் பாதி பழசு, பாதி புதுசு."