ஏரியில் நட்ட கொப்புகள்

சவிரிமுத்துவின் முப்பத்தோராம் நாள் பூசை, ஏப்ரல் கடைசியில், லண்டனில் மாலை ஆறரைக்குத் தொடங்கியது. கோயில் வாசலிலேயே அவருடைய மனைவி இசபெல், மகள் ஜெஸ்ரினின் கைபேசியை வாங்கி அணைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

“கொப்பருக்கு ஒரு மணித்தியாலம் குடு, பிள்ளை. உன்ர பிளேன் எங்கயும் ஓடிப்போகாது.”

ஜெஸ்ரின் தாயின் பின்னால் உள்ளே போனாள்.

கனடாவின் வடக்கே, வீதியே இல்லாத ஊர்களுக்கு அவள் சின்ன விமானம் ஓட்டினாள். குளிர்காலத்தில் உறைந்த ஏரிதான் ஓடுபாதை. பனிக்கட்டியைத் துளையிட்டுத் தடிப்புப் பார்த்து, பாதையின் இரு பக்கமும் மரக்கொப்புகளை நட்டுவிடுவாள். ஏப்ரலில், ஆறு வந்து விழும் பக்கம் கட்டி அடியிலிருந்து கரையும். மேலே வெள்ளையாகவே கிடக்கும். அதற்கு முன் கொப்புகளைப் பிடுங்கிவிட வேண்டும். கொப்பு நின்றால் இறங்கலாம். புதிதாக வருகிறவர்களுக்கு அவள்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்தாள்.

பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாடு. பனியில் பாதை போடுகிறவள் ஈஸ்ட் ஹாமில் தன் காரை நிறுத்த ஓர் இடம் பிடித்துத் தரட்டுமே என்று ஞானரட்ணம் மாமா பகிடி விட்டார். ஜெஸ்ரின் சிரித்தபடியே தாயிடம் கைபேசியை வாங்கித் திறந்தாள்.

அவளுக்குப் பதிலாக ஓட்டும் டானி எழுதியிருந்தான். தாதியை ஏற்றிக்கொண்டு புறப்படுகிறானாம். அவளுடைய கொப்புகள் இன்னும் நிற்பதாக ஊரார் சொன்னார்களாம். நன்றி.

போன மாதம், அப்பாவின் பெட்டி மூட முதல் வந்து முகத்தைப் பார் என்று அம்மா தொலைபேசியில் அழுத அன்று, போட்டிருந்த உடுப்போடு வெளிக்கிட்டு வந்தவள். கொப்புகளைப் பிடுங்கவில்லை. பிடுங்கச் சொல்லி ஒருவரிடமும் சொல்லவுமில்லை. இந்த நிமிடம் வரைக்கும் அவை ஞாபகத்துக்கே வரவில்லை.

வெளியே போய்க் கனடாவில் தன் விமான அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். டானி இறங்கத் தொடங்கிவிட்டதாக அங்கிருந்தவர் சொன்னார். பாதை நன்றாகத் தெரிகிறது என்றானாம். அவள் விஷயத்தைச் சொன்னதும் அவர் விமானத்தோடு பேசும் வானொலியில் டானியைக் கூப்பிட்டார். திரும்பவும் கூப்பிட்டார். இரைச்சல்தான் வந்தது. நீயே பேசிப் பார் என்று தொலைபேசியை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பிடித்தார்.

இசபெல் கதவடியில் வந்து நின்றாள். கையில் சோற்றுத் தட்டு.

“பூசை வைச்ச சுவாமி சாப்பாட்டுக்குக் காத்துக்கொண்டு இருக்கிறார். நீதான் முதல் தட்டைக் குடுக்க வேணும், வா.”

ஜெஸ்ரின் தாயைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் பேசினாள். குரல் உயரவில்லை.

“டானி, கொப்புகளை நம்பாதே. மேலே எழும்பு. நான் சொல்வது கேட்கிறதா?”