பாதி வாக்கியங்களின் கூரை

மூன்றாம் மாடியின் கடைசி வகுப்பறைக் கூரையில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பாதி வாக்கியங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. எண்ணியவர் மாநகராட்சிப் பொறியாளர். ஏணி போட்டு ஏறி, ஒவ்வொன்றையும் அளவுகோலால் தொட்டுப் பார்த்தவர், கூரையின் நடுப்பகுதி இரண்டு அங்குலம் இறங்கியிருப்பதாகவும், இரண்டு வருடத்துக்குள் எடை குறையாவிட்டால் வகுப்பை மூடிவிட வேண்டும் என்றும் அறிக்கை எழுதினார். அதே பக்கத்தில் கழிப்பறைக் குழாய் ஒழுகுவதையும் குறிப்பிட்டிருந்தார்.

அது வேறு தேசங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் இந்த ஊர் மொழியைப் படிக்கும் வகுப்பு. மாலை ஆறிலிருந்து எட்டு வரை. பேருந்து ஓட்டுகிறவர், ரொட்டி அடுப்பில் நிற்பவர், ஆஸ்பத்திரித் துணி வெளுப்பவர் என்று பத்தொன்பது பேர், நாளெல்லாம் உழைத்த உடம்போடு வந்து உட்காருவார்கள். பதினொரு வருடமாக அவர்களுக்குப் பாடம் நடத்தியவருக்கு எக்ஸ்பிரஸ் டீச்சர் என்று பெயர். சின்ன ஸ்டேஷன்களில் நிற்க மாட்டார் என்பது பொருள். ஆனால் அவரைப் பிடிக்காதவர் யாருமில்லை. ஒருவர் வார்த்தைக்காகத் தவிப்பதைப் பார்த்தால் அவருக்கு மனசு தாங்காது. யாராவது 'எனக்கு நேற்று' என்று தொடங்கினால், 'நேற்று எனக்குக் காய்ச்சல், அருமை, அடுத்தவர்' என்று முடித்துவைப்பார். காய்ச்சல் வராதவர்களும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். அவர்கள் சொல்ல வந்ததன் முதல் பாதி சாம்பல் நிற நூலிழையைப் போல மேலே போய்க் கூரையில் ஒட்டிக்கொள்ளும். கட்டடக் காவலாளி சனிக்கிழமைதோறும் ஒட்டடைக்கம்போடு வந்து மல்லுக்கட்டிப் பார்த்தார். சிலந்திவலைதான் வந்தது.

பொறியாளரின் அறிக்கை வந்த அதே மாதத்தில் இன்னொரு கடிதமும் வந்தது. பெரியவர்களுக்கு இரண்டாம் மொழி கற்பிப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் முதுகலைப் பட்டம் வாங்க வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை. டீச்சர் அந்தக் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையல் மேடையில் வைத்தார்.

"பதினொரு வருஷமா பாடம் நடத்துறவளுக்கு, பாடம் நடத்துறது எப்படின்னு ஒரு பாடமாம்."

"சரி, ஆனா..." என்றார் கணவர்.

ஆனால் வேறு வழியில்லை, அவ்வளவுதானே என்று டீச்சர் முடித்துவிட்டுக் குக்கரை இறக்கினார். கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அந்தச் சமையலறைக் கூரையிலும், கரண்டிகளுக்கு மேலே, அவருடைய வாக்கியங்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோவது தன் தொழிலில் சகஜம் என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

முதல் வருடம் டீச்சர் கடனே என்று படித்தார். பேருந்தில் நின்றுகொண்டே கட்டுரைகளை வாசித்தார். ஓரங்களில் 'இது எனக்கே தெரியும்' என்று எழுதினார். பேராசிரியை அவரைவிட ஏழு வயது இளையவர். அவர் வாக்கியங்களையும் டீச்சர் முடித்துவைத்ததில் பல்கலைக்கழகக் கூரையிலும் இரண்டு மூன்று இழைகள் ஏறின. பேராசிரியை அண்ணாந்து பார்த்து, குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டார். இரண்டாம் வருடத் தொடக்கத்தில் ஒரு பயிற்சி கொடுத்தார். அவரவர் வகுப்பில் ஒரு மணி நேரத்தை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். அதில் ஒலித்த ஒவ்வொரு சொல்லையும் எழுத வேண்டும். சொல் இல்லாத இடத்தையும் எழுத வேண்டும்: எத்தனை நொடி மௌனம் என்று அளந்து அடைப்புக்குறிக்குள் எண்ணைப் போட வேண்டும். அந்தப் படிப்பில் அப்படி ஒரு வழக்கம்.

ஒரு மணி நேரத்தை எழுத நான்கு ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் பிடித்தன. சமையலறையில் டீச்சர் எழுதினார், கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கருவியின் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தி நிறுத்தினார், ஓடவிட்டார், பின்னால் தள்ளினார். அறுபது நிமிடத்தில் டீச்சர் பேசியது ஐம்பத்தொன்று. மீதி ஒன்பதுதான் பத்தொன்பது பேருக்கு. கேள்வி கேட்டபின் அவர் காத்திருந்த நேரத்தை எழுத அடைப்புக்குறியே தேவைப்படவில்லை; எங்கும் ஒரு நொடிகூட இல்லை. கருவி கெட்டுப்போய்விட்டது என்றார் டீச்சர். கணவர் அதைத் திருகிப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்றார். நான்காவது ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பெண்ணின் குரல் வந்தது: 'என் அக்கா'. அதன்மேல் ஏறி டீச்சரின் குரல் வந்தது: 'என் அக்கா என்னைவிட மூத்தவர். சபாஷ், அடுத்தவர்.' அதற்குப் பின்னால், நாற்காலி முனகுவதுபோல மெல்லிய ஓசை. வாக்கியம் மேலே போகும் ஓசை அது. இத்தனை வருடத்தில் டீச்சர் அதை முதன்முறையாகக் கேட்டார். அந்த இடத்தை ஆறு தடவை ஓடவிடச் சொன்னார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, கணவரைப் பார்த்தபடி சும்மா இருந்தார். அப்படி அவர் சும்மா இருந்ததே இல்லை. கரண்டிகளுக்கு மேலிருந்து ஓர் இழை கழன்று மெதுவாக இறங்கியது.

"அந்தக் கடிதம் வந்த அன்னைக்கு 'சரி, ஆனா'ன்னு ஆரம்பிச்சேன்ல," என்றார் கணவர். "ஆனா நீ படிக்கப் போனா எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும்னு சொல்ல வந்தேன்."

மறுநாள் மாலை டீச்சர் துணி வெளுக்கும் பெண்ணிடம் அக்காவைப் பற்றிச் சொல்லச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். இரண்டாம் நொடியில் பேருந்து ஓட்டுநர், கரண்ட் போய்விட்டதா என்று விளக்கைப் பார்த்தார். நான்காம் நொடியில் டீச்சரின் நாக்கு தானாகப் புரண்டது, அதைக் கடித்துக்கொண்டார். ஏழாம் நொடியில் கையிலிருந்த சாக்பீஸ் வியர்வையில் ஊறி உடைந்தது. ஒன்பதாம் நொடியில் மூன்றாவது பெஞ்சுக்கு மேலிருந்து நான்கு சாம்பல் இழைகள் இறங்கி அந்தப் பெண்ணின் தோளில் உட்கார்ந்தன. பதினோராம் நொடியில் அவள் பேசினாள்.

"என் அக்கா... இந்த ஊர்லதான் இருக்கா. எந்தத் தெரு, தெரியாது. நான் தேடுறேன்."

இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று டீச்சர் கேட்டார். அந்தப் பெண் நான்கு வருடமாக அந்த வகுப்பில் இருப்பவள். வருடத்துக்கு ஒருமுறை குடும்பம் பற்றிய பாடம் வரும்.

"சொன்னேன் டீச்சர், நாலு தடவை." அவள் குரலில் கோபம் இல்லை. "நீங்க கேட்டீங்க. பதிலும் நீங்களே சொல்லிட்டீங்க."

டீச்சர் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து அந்த வகுப்பு பார்த்ததில்லை.

பேருந்து ஓட்டுநர் தன் தடத்தில் ஏறிய ஒவ்வொருவரிடமும் விசாரித்ததில், பதினாறாம் நாள் அக்கா கிடைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டே நிறுத்தம் தள்ளி ஒரு தையல் கூடத்தில் இருந்தாள். அங்கே அவள் தைத்தது அந்த ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளைத்தான். நான்கு வருடமாக அக்கா தைத்ததைத் தங்கை வெளுத்துக்கொண்டிருந்தாள். இருவரும் கைகோத்து வகுப்பு வாசலுக்கு வந்தபோது, தங்கை சின்ன வயதிலிருந்தே இழுத்து இழுத்துத்தான் பேசுவாள், காத்திருந்ததற்கு நன்றி என்றாள் அக்கா. அந்த நன்றிக்குத் தான் எந்த விதத்திலும் தகுதியானவள் இல்லை என்று சொல்ல டீச்சர் வாயெடுத்தார். முதல் பாதி மட்டும் வந்தது. சகோதரிகள் அவசரப்படாமல் நின்றார்கள். மீதியை அவர் அழுதே சொல்லி முடித்தார்.

விஷயம் பரவியது. பழைய மாணவர்கள் தங்கள் வாக்கியங்களைக் கேட்டு வந்தார்கள். சனிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை நேரம் ஒதுக்கப்பட்டது. காவலாளி வரிசையைப் பார்த்துக்கொண்டார். முன்னால் முண்டியடித்தவர்களிடம், இத்தனை வருஷம் பொறுத்தீங்க, பத்து நிமிஷம் பொறுக்க மாட்டீங்களா என்று கேட்டார். ஒருவர் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் கூட்டிவந்து, அவர்கள் முன்னிலையில், 'எனக்கு நேற்று' என்று தொடங்கி எட்டு வருடத்துக்கு முந்தைய அந்த நேற்றைப் பற்றிச் சொல்லி முடித்தார். அன்றுதான் இந்த மனைவியை முதலில் பார்த்திருக்கிறார். ஊர் மாறிப் போனவர்கள் தபாலில் அனுப்பச் சொல்லி எழுதினார்கள். இழைகள் உறைக்குள் மடங்காததால் டீச்சர் தொலைபேசியில் கூப்பிட்டுக் காத்திருந்தார். கெடு முடிகிற மாதம் பொறியாளர் மறுபடி ஏணி போட்டார். முப்பத்தேழு மீதி இருந்தன. கூரை பழைய மட்டத்துக்கு ஏறியிருந்தது. பாதுகாப்பானது என்று எழுதி, குழாய் இன்னும் ஒழுகுகிறது என்றும் எழுதினார். வகுப்பு மூடப்படவில்லை.

டீச்சரின் ஆய்வேடு காத்திருப்பதைப் பற்றியது. நன்றியுரைக்கு ஒரு பக்கம்தான் என்பது விதி. அவருடையது ஆறு பக்கம் ஓடியது. அதில் பேராசிரியை இருந்தார், முடிந்த ஆயிரத்து முந்நூற்று எழுபத்தைந்து வாக்கியங்களின் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், பொத்தானை அழுத்திய கட்டைவிரல் இருந்தது, இந்தப் படிப்பைக் கட்டாயமாக்கிய, யாரென்று தெரியாத அந்த அதிகாரியும் இருந்தார். வெட்டச் சொன்ன அலுவலக எழுத்தர், எதை வெட்டுவது என்று பார்ப்பதற்காக முழுவதும் படித்துவிட்டு, அப்படியே நூலாகக் கட்டக் கொடுத்துவிட்டார். பட்டம் வந்தபின் தலைமை அலுவலகத்தில் தனி அறையோடு ஒரு பதவி வந்தது. டீச்சர் அதை மறுத்து, காலையில் பல்கலைக்கழகத்தில் புது ஆசிரியர்களுக்கு அந்த ஒலிப்பதிவுப் பயிற்சியை நடத்துகிறார்; மாலை ஆறு மணிக்கு மூன்றாம் மாடிக்கு ஏறிவிடுகிறார். எக்ஸ்பிரஸ் என்ற பெயர் மட்டும் போகவில்லை. இப்போது எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற எக்ஸ்பிரஸ் என்கிறார்கள்.

ஆய்வேட்டின் பிரதி ஒன்று பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதன் அறுபத்துநான்காம் பக்கத்தில், துணி வெளுக்கும் பெண்ணின் பெயர் சொல்லாமல், அந்த மாலை அப்படியே எழுதப்பட்டிருக்கிறது: கேள்வி, அடைப்புக்குறிக்குள் பதினொன்று, பதில். படிக்கிறவர் அந்த எண்ணுக்கு வந்ததும் அறை முழுவதும் பதினொரு நொடி ஓசையற்றுப் போகிறது. இருமலோடு இருப்பவர் இருமுவதில்லை. மின்விசிறியும் சத்தமில்லாமல் சுற்றுகிறது. தேர்வுக் காலத்தில் ஒரு நாளைக்கு நான்கைந்து தடவைகூட இப்படி ஆகும். திருப்பித் தரும் புத்தகத்தில் முத்திரை குத்த நூலகர் கையை ஓங்கியிருந்தால், ஓங்கியபடியே நிற்பார். பிறகு குத்துவார்.