ஐந்தாவது ஃபீல்ட்

பதுளை பஜாரில் இரகுநாதன் நடத்தும் வேலைவாய்ப்பு நிலையத்தின் இணையதளத்தைக் கவனிப்பது சிவரூபியின் வேலை. வருடம் 2009. யார் வந்தார்கள், எந்தப் பக்கத்தோடு போனார்கள் என்று திங்கள்தோறும் அறிக்கை எடுப்பாள். நாமே பெயர் வைத்துக்கொள்ளும் கஸ்டம் ஃபீல்ட் அதில் நான்கு, எல்லாம் அவள் போட்டவை: வயது, படிப்பு, ஊர், மொழி. இந்தத் திங்கள் ஐந்தாவதாக ஒன்று இருந்தது. பெயர் ‘எல்’. அதில் விழும் எண் ஒன்று, இல்லையென்றால் பூச்சியம்.

பூச்சியம் விழுந்தவர்கள் நேர்முகத் தேர்வுப் பக்கம்வரை போயிருந்தார்கள். ஒன்று விழுந்த நாற்பத்தொரு பேரும் ‘பிறகு அறிவிப்போம்’ பக்கத்தோடு சரி. அவள் தங்கை லக்ஷனாவுக்கும் அந்தப் பக்கம்தான் வந்தது. உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடத்திலும் ஏ எடுத்தவள், தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கப் பேர் பதியப்போகிறேன் என்று நிற்கிறாள்.

“எல்லுன்னா என்னாங்க?”

“லாங்குவேஜ்.” இரகுநாதன் நிமிரவில்லை.

மொழிக்குத்தான் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே. அவர் சாப்பிடப் போனதும் ஃபீல்டின் விதியைத் திறந்தாள். முகவரியில் இந்தச் சொற்களில் எது இருந்தாலும் ஒன்று: லயம், டிவிஷன், கணக்கு.

லயம் தோட்டத்து லைன் வீடு, டிவிஷன் தோட்டத்தின் ஒரு பிரிவு; முதல் இரண்டும் எவனும் விதியில் போடக்கூடியவை. மூன்றாவதில் கண் நின்றது. தோட்டத்து டிவிஷனைக் கணக்கு என்பது லயத்துச் சனம் மட்டும். லக்ஷனா எழுதியது அப்படித்தான்: மேல்கணக்கு, பசறை. டவுன்காரனுக்குக் கணக்கென்றால் கூட்டல் கழித்தல். இரகுநாதனோ, மூன்று தலைமுறைத் துணிக்கடைக் குடும்பம் என்று சொல்லிக்கொள்பவர். சிவரூபியும் வேலைக்குச் சேர்ந்தபோது பஜாரில் ஒரு கடையின் முகவரியைத்தான் கொடுத்திருந்தாள்.

அவர் கை கழுவிவிட்டு வந்தார்.

“கணக்குங்கிறது ஒரு எடம்னு ஒங்களுக்கு யாருங்க சொன்னது?”

“யாரோ. ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“நான் பொறந்தது மேக்கணக்கு. நீங்க எந்தக் கணக்குங்க?”

இரகுநாதன் கதவைச் சாத்தினார்.

“லயத்துப் புள்ளைங்க வேணாங்கிறான் கம்பனிக்காரன். நான் என்னா செய்ய? சரி, ஒன் ஆள் யாரு அதுல?”

“தங்கச்சி.”

“பேரச் சொல்லு. மாத்திர்றேன்.”

“மத்த நாப்பது பேரு?”

“ஒனக்குத் தங்கச்சி ஒண்ணுதானே?”

சிவரூபி பெயரைச் சொன்னாள்.

அன்று மாலை அறிக்கையில் ஒன்று விழுந்தவர்கள் நாற்பது பேர்.