சிப்ரியான் தண்ணீர் கேட்டான்

ரொட்டி வண்டிக்காரி ருத்மிலாவுக்கு எட்செல் கொடுக்க வேண்டியது நானூற்று எண்பது கில்டர். கூரைத் தகடு வாங்கிய கடன். துறைமுகத்தில் மூட்டை சுமக்கிற கூலி வயிற்றுக்கே சரியாய்ப் போனது.

வருஷாவருஷம் ஆகஸ்டில், அடிமைக் கலக நினைவு விழாவுக்குப் பழைய தோட்டத்து வெட்டவெளியில் ஒற்றை ஆளாக நாடகம் போடுவான். அடிமைகளைத் திரட்டி எழுந்த பஸ்தியானும் அவன்தான், சவுக்கெடுத்த துரையும் அவன்தான், பஸ்தியானைக் காட்டிக்கொடுத்த சிப்ரியானும் அவன்தான். சிப்ரியான் பேர் வந்ததும் சனங்கள் சட்டி மூடிகளைத் தட்டி ஊளையிடுவார்கள். ருத்மிலா அந்தச் சிப்ரியான் வம்சம்.

ஆட்டத்துக்கு முன்னால் வண்டியிலிருந்து கூப்பிட்டாள்.

"தம்பி, இந்த வருஷம் அந்தப் பேரை மட்டும் முழுங்கிடு. மொத்தக் கடனையும் அடிச்சிடறேன்."

"பேரில்லாம எப்படிக்கா? கதை நொண்டுமே."

"உனக்குக் கதை. எம் பொண்ணைச் சந்தையில, 'என்னடி சிப்ரியான், இன்னிக்கு யாரை வித்தே'ங்கறானுங்க. அங்க சிரிச்சிட்டு வந்துடறா. வீட்ல சோறு எறங்க மாட்டேங்குது."

எட்செல் வெட்டவெளிக்கு நடந்தான். காலையிலிருந்து சிமெண்டு இறக்கிய தோள் விண்விண்ணென்றது. பேரை விட்டால் கடன் போகும். காசுக்கு வாயை மாற்றினவன் என்ற பேர் தனக்கு வரும்.

பஸ்தியானாகக் கத்தினான். துரையாக உறுமினான். சிப்ரியான் முறை வந்தபோது உடம்பில் தெம்பு மிச்சமில்லை. வழக்கமாக வாயைக் கோணிக்கொண்டு குதிப்பான். இன்று முழங்கால் மடிந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"எம் பேரு சிப்ரியான்."

மூடிகள் அதிர்ந்தன. சத்தம் அடங்கும்வரை காத்திருந்தான்.

"ஒன்பது நாளா ஓடறேன். நாக்கு ஒட்டிப்போச்சு. யாராவது கொஞ்சம் தண்ணி குடுங்க. பஸ்தியான் இருக்கற எடத்தைச் சொல்லிடறேன்."

இப்படி ஒரு வசனம் நாடகத்தில் கிடையாது. இன்னும் ரெண்டு மூடி தட்டிப் பார்த்து நின்றது.

"குடுங்கடா தண்ணி, பாவம்," என்றது பின்னாலிருந்து ஒரு கிழட்டுக் குரல். யாரும் சிரிக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் விழாக் குழு கூலியாகக் கொடுத்த நானூறு கில்டரை எட்செல் அப்படியே கொண்டுபோய் ரொட்டிப் பலகைமேல் வைத்தான்.

"பேரைச் சொல்லிட்டேன்க்கா. மீதி எண்பது அடுத்த மாசம்."

"சொல்லாதேன்னுதானே கேட்டேன்?"

"ஆமா."

அவள் காசை எண்ணிப் பைக்குள் போட்டாள். கொஞ்ச நேரம் பலகையைத் துடைத்தாள்.

"அவனுக்கும் தாகம் எடுத்திருக்கும்னு எனக்கே தோணினதில்ல, தம்பி."

கடன் நோட்டைப் பிரித்து எண்பதின்மேல் கோடு போட்டாள்.

"தீந்துச்சு. போய்ப் படு."